பத்திரிகை முதலாளியை யார் கேள்வி கேட்பது? ராம்நாத் கோயங்காவின் வாழ்க்கை சொல்லும் கதை

நெருக்கடி நிலையில் அரசுக்கு வளைந்து கொடுக்காத பத்திரிகை முதலாளி என்று கொண்டாடப்படுபவர் ராம்நாத் கோயங்கா. தன் ஆசிரியர்களையும் தொழிலாளர்களையும் நினைத்தால் வெளியேற்றியவரும் அவர்தான். இரண்டும் எப்படி ஒரே ஆளிடம் இருந்தன? இதில் சட்டம் எங்கே நின்றது?

சங்கரன்கோவில் பக்கம் குருவிகுளம் மாதிரியான கரிசல் ஊர்களில், டீக்கடை பெஞ்சில் கிடக்கும் பேப்பரை எடுக்கும் பெரியவர்கள் சிலர், செய்தியைப் படிப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பார்கள். இது யாரு பேப்பர்? எந்தக் கட்சிக்காரர் நடத்துவது, எந்த முதலாளி கையில் இருப்பது என்று அர்த்தம். அது தெரிந்துவிட்டால் எதை நம்பலாம், எதைக் கழித்துவிட்டுப் படிக்கலாம் என்று அவர்களிடம் ஒரு கணக்கு உண்டு.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. பீகாரில் பிறந்து, சென்னையில் பத்திரிகை முதலாளியாகி, டெல்லி அரசியலையே ஆட்டிப் பார்த்த ராம்நாத் கோயங்காவின் கதை அது. குருவிகுளம் இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. அந்தத் தென்காசியில் பிறந்த டி.எஸ்.சொக்கலிங்கம்தான் கோயங்காவோடு மோதி வெளியே வந்த முக்கியமான தமிழ் ஆசிரியர். அதனால் இது நம்ம பக்கத்துக் கதையும்கூட.

யார் இந்த கோயங்கா?

1904-ல் பீகாரின் தர்பங்காவில் மார்வாடி வணிகக் குடும்பத்தில் பிறந்தவர் ராம்நாத் கோயங்கா. 1920-களின் தொடக்கத்தில் வியாபாரம் பார்க்கச் சென்னைக்கு அனுப்பப்பட்டார். தமிழ் தெரியாத ஊரில், நூல் வியாபாரம் சணல் வியாபாரம் என்று தொடங்கிய இளைஞர், 1926-லேயே சென்னை மாகாண சட்ட மேலவையில் நியமன உறுப்பினர் ஆகிவிட்டார். அப்போது அவருக்கு வயது 22. பத்திரிகை கைக்கு வருவதற்கு முன்பே அரசியல் வந்துவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியன் எக்ஸ்பிரஸ் அவர் தொடங்கிய பத்திரிகை இல்லை. 1932-ல் சென்னையில் அதைத் தொடங்கியவர் காங்கிரஸ் தலைவரும் பத்திரிகையாளருமான டாக்டர் பெ.வரதராஜுலு நாயுடு. கொஞ்ச நாளிலேயே பணமுடை. ஃப்ரீ பிரஸ் நிறுவனம் நடத்திய எஸ்.சதானந்திடம் பத்திரிகை போனது. அவருக்கும் கடன் கழுத்தை நெரிக்க, 1936-ல் கோயங்காவின் கைக்கு வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில் இந்தியன் எக்ஸ்பிரஸ், தமிழில் தினமணி, 1938 முதல் தெலுங்கில் ஆந்திர பிரபா என்று மூன்று மொழிகளில் அவருடைய பத்திரிகைகள் வெளிவந்தன.

1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வெடித்தபோது, செய்திகளுக்கு ஆங்கிலேய அரசு போட்ட கட்டுப்பாடுகளை ஏற்க மறுத்து, எக்ஸ்பிரஸ் வெளியீட்டையே நிறுத்திவைத்தார். ஒவ்வொரு நாளும் நஷ்டம் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. பிற்பாடு அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினராக இருந்தார். மவுண்ட் ரோடு பக்கம் மெட்ராஸ் கிளப் இருந்த பெரிய வளாகம் அவர் கைக்கு வந்து எக்ஸ்பிரஸ் எஸ்டேட் ஆனது. இன்று அங்கே எக்ஸ்பிரஸ் அவென்யூ மால் நிற்கிறது.

தென்காசிக்காரர் ஏன் வெளியேறினார்?

தினமணியின் முதல் இதழ் பாரதியார் நினைவு நாளான 1934 செப்டம்பர் 11 அன்று வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர் டி.எஸ்.சொக்கலிங்கம். 1899-ல் தென்காசியில் பிறந்தவர். வரதராஜுலு நாயுடுவின் தமிழ்நாடு இதழில் எழுதிப் பழகியவர். மணிக்கொடி இதழைத் தொடங்கிய மூவரில் ஒருவர். ஆங்கிலம் தெரியாத வாசகருக்கும் உலகச் செய்தி புரியும்படி, சாதாரணத் தமிழில் நாளிதழ் நடத்திக் காட்டியவர். கோயங்கா உரிமையாளர் ஆவதற்கு முன்பே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர்.

1943-ல் நிர்வாகத்துக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. சொக்கலிங்கம் விலகினார். ஆசிரியர் குழுவில் இருந்த பலரும் அவரோடு சேர்ந்து வெளியே நடந்தார்கள். புதுமைப்பித்தனும் அதில் ஒருவர். 1944-ல் தினசரி என்ற புதிய நாளிதழைச் சொக்கலிங்கம் தொடங்கினார். புதுமைப்பித்தன் அங்கேயும் வேலை பார்த்தார்.

நல்ல ஆசிரியர், நல்ல எழுத்தாளர்கள், விசுவாசமான வாசகர்கள் எல்லாம் இருந்தும் தினசரி நெடுநாள் நிற்கவில்லை. தினமணி நின்றது. கோயங்கா அடுத்து நியமித்த ஏ.என்.சிவராமன் 1987 வரை அங்கே ஆசிரியராக இருந்து பெயர் வாங்கினார். சொக்கலிங்கம் வேறு சில பத்திரிகைகளில் உழைத்து, டால்ஸ்டாயின் பெருநாவலைப் போரும் வாழ்வும் என்று தமிழாக்கிக் கொடுத்துவிட்டு, 1966-ல் காலமானார்.

இந்த மோதலில் யார் பக்கம் நியாயம் என்பதைவிட, விலகிய பிறகு என்ன ஆனது என்பதுதான் முக்கியம். பத்திரிகையை உருவாக்கிய ஆசிரியர் வெளியே வரும்போது பேனாவை மட்டும்தான் எடுத்துவர முடிந்தது. அச்சு இயந்திரம், காகிதம், விற்பனை ஏஜென்டுகள், விளம்பரம், பத்திரிகையின் பெயர் எல்லாமே முதலாளியிடம் இருந்தன. வாசகர் விரும்பினாலும் ஆசிரியர் பின்னால் போய்விட முடியாது. காலையில் வீட்டுக்கு வருகிற பேப்பரைத்தானே படிக்க முடியும்?

சம்பளம் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது?

சுதந்திரத்துக்குப் பிறகு, பத்திரிகைகளின் நிலையை ஆராய நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையில் முதல் பத்திரிகை ஆணையம் 1952-ல் அமைக்கப்பட்டது. அறிக்கை 1954-ல் வந்தது. அதன் தொடர்ச்சியாக 1955-ல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் பிறந்தது. வேலை நேரம், விடுப்பு, வேலையைவிட்டு நீக்க முன்னறிவிப்பு, ஊதியக் குழு என்று செய்தியாளர்களுக்கு முதல்முறையாக ஒரு பிடிமானம் கிடைத்தது.

முதலாளிகள் சும்மா இருப்பார்களா? எக்ஸ்பிரஸ் நிறுவனம் உச்ச நீதிமன்றம் போனது. இந்தச் சட்டம் பத்திரிகைச் சுதந்திரத்தையே பறிக்கிறது என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. 1958 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. சட்டம் பெருமளவுக்குச் செல்லும் என்றது நீதிமன்றம். ஆனால், பத்திரிகைகளின் கொடுக்கும் சக்தியைப் பார்க்காமல் ஊதியக் குழு சம்பளத்தை நிர்ணயித்துவிட்டது என்று அந்த முடிவை மட்டும் ரத்து செய்தது.

அடுத்த வருஷமே சென்னையில் பெரிய மோதல். ஆந்திர பிரபாவை விஜயவாடாவுக்கு மாற்ற நிர்வாகம் முடிவெடுக்க, எங்கள் வேலை என்னாகும் என்று தொழிலாளர்கள் பயந்தார்கள். 1959 ஏப்ரலில் வேலைநிறுத்தம் தொடங்கியது. கோயங்கா பேச்சுவார்த்தையை நீட்டவில்லை. சென்னையில் தொழிலையே மூடிவிட்டதாக அறிவித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை நடந்தது. இது உண்மையான மூடலா, இல்லை மூடல் என்ற பெயரில் நடந்த கதவடைப்பா என்பதைத் தொழில் தீர்ப்பாயம் விசாரிக்கலாம் என்று 1962-ல் தீர்ப்பானது. விசாரிக்கலாமா கூடாதா என்று முடிவாகவே மூன்று வருஷம். தினச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவர்களுக்கு அந்த மூன்று வருஷம் எப்படிப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பத்திரிகைச் சுதந்திரம் என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு பொருள் வந்துவிட்டதைக் கவனிக்கலாம். அரசு தலையிடாமல் இருப்பது ஒன்று. முதலாளி தன் தொழிலை இஷ்டப்படி நடத்துவது இன்னொன்று. நீதிமன்றத்தில் இரண்டையும் ஒரே பெயரில்தான் வாதாடினார்கள்.

நெருக்கடி நிலையில் நடந்தது என்ன?

காங்கிரஸ்காரராக இருந்த கோயங்கா, பிறகு இந்திரா காந்திக்கு எதிரணியில் நின்றார். இத்தனைக்கும் இந்திராவின் கணவர் பெரோஸ் காந்தி ஒருகாலத்தில் எக்ஸ்பிரஸ் நிர்வாகத்தில் வேலை பார்த்தவர். 1971 தேர்தலில் மத்தியப் பிரதேசத்தின் விதிஷா தொகுதியில் ஜனசங்க வேட்பாளராக நின்று கோயங்கா எம்.பி. ஆனார். ஜெயப்பிரகாஷ் நாராயணின் இயக்கத்துக்கும் வெளிப்படையாகத் துணை நின்றார். நாடு முழுக்கப் பதிப்புகள் வைத்திருந்த பத்திரிகை முதலாளி, ஒரே நேரத்தில் எதிர்க்கட்சி எம்.பி.யும்கூட. இதைத் தடுக்கச் சட்டம் எதுவும் அன்றைக்கு இல்லை. இன்றைக்கும் இல்லை.

1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. தணிக்கைக்கு எதிர்ப்பாக, ஜூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தை வெறுமையாக விட்டு வெளியானது. அடுத்த மாதம் அதன் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் கைது செய்யப்பட்டார். அரசு விளம்பரங்கள் நின்றன. தொழிலதிபர் கே.கே.பிர்லா தலைமையில் புதிய இயக்குநர் குழு திணிக்கப்பட்டது. ஆசிரியர் எஸ்.முல்காவ்கர் வெளியேற வேண்டிவந்தது. அச்சகத்துக்கு மின்சாரம் துண்டிப்பு, வரி பாக்கி என்று சீல் வைப்பு என நெருக்கடி தொடர்ந்தது. எழுபது வயதைத் தாண்டிய கோயங்கா பத்திரிகையை விட்டுக்கொடுக்கவில்லை. நீதிமன்றம் போனார், வழக்குகளைச் சமாளித்தார், காலம் கடத்தினார். அதே காலத்தில் பல பெரிய பத்திரிகைகள் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததை வைத்துப் பார்த்தால், இது சின்ன விஷயம் இல்லை.

முதலாளிக்கு இருந்த மற்ற தொழில்கள் அரசுக்கு வசதியான பிடியாக இருந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு பெரிய இரும்பு எஃகு நிறுவனத்தின் பங்குகளை வாங்கிக் குவிக்க அவர் எடுத்த முயற்சி, அதற்குப் பணம் புரட்டிய விதம் தொடர்பாக வழக்குகள் இருந்தன. பழிவாங்கல் என்றார் அவர். குற்றம் என்றது அரசு. பத்திரிகை நடத்துகிறவருக்கு வேறு வியாபாரமும் இருந்தால், அந்த வியாபாரத்தின் வழியாகப் பத்திரிகையின் கழுத்தைப் பிடிக்கலாம் என்பது மட்டும் நிச்சயமானது.

ஆபத்து நீங்கியதும் என்ன செய்தார்?

முல்காவ்கர் போன பிறகு, அந்த இருண்ட மாதங்களில் எக்ஸ்பிரஸ் ஆசிரியர் பொறுப்பைச் சுமந்தவர் வி.கே.நரசிம்மன். நிமிர்ந்த தலையங்கங்களை எழுதியவர். அரசின் கோபத்தை நேருக்கு நேர் வாங்கியவர்.

1977-ல் இந்திரா தோற்றார், ஜனதா ஆட்சி வந்தது. நரசிம்மனுக்கு மாலை மரியாதை நடந்திருக்க வேண்டிய நேரம். கோயங்கா பழைய ஆசிரியர் முல்காவ்கரையே திரும்ப உட்காரவைத்தார். நரசிம்மன் விலகிப் போய்விட்டார். பிறகு பெங்களூரு டெக்கான் ஹெரால்டில் ஆசிரியர் ஆனார்.

அருண் ஷோரி கதையும் இதே ரகம். மகாராஷ்டிர முதல்வர் ஏ.ஆர்.அந்துலே அறக்கட்டளை நன்கொடைகளை அவர் 1981-ல் அம்பலப்படுத்தினார். 1982 ஜனவரியில் அந்துலே பதவி விலகினார். நாடே பேசிய வெற்றி. அந்த ஆண்டே ஷோரி எக்ஸ்பிரஸிலிருந்து நீக்கப்பட்டார். சில வருஷம் கழித்து அழைத்துவரப்பட்டு ஆசிரியர் ஆக்கப்பட்டார். 1990-ல் மறுபடியும் வெளியே.

முதலமைச்சரை வீழ்த்தும் அளவுக்கு ஒரு ஆசிரியருக்குத் தெம்பு கொடுத்தவரும் கோயங்காதான். வாசலைக் காட்டியவரும் அவர்தான். இரண்டுக்கும் அவர் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செய்தி எங்கே முடிந்தது, அரசியல் எங்கே தொடங்கியது?

1980-களில் கோயங்கா இன்னும் பெரிய விளையாட்டில் இறங்கினார். டெல்லியில் எக்ஸ்பிரஸ் கட்டடத்தைக் காலி செய்ய வைக்க 1980-ல் அனுப்பப்பட்ட நோட்டீஸ் உள்நோக்கம் கொண்டது என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவருக்குப் பெரிய வெற்றி.

1986-ல் ரிலையன்ஸ் நிறுவனத்தைப் பற்றி ஆடிட்டர் எஸ்.குருமூர்த்தி எழுதிய தொடர் கட்டுரைகள் வெளிவந்தன. உரிமம், இறக்குமதி, வங்கிக் கடன் என்று கட்டுரைகள் எழுப்பிய கேள்விகள் பொது நலன் சார்ந்தவை. அதே நேரம், ரிலையன்ஸுக்குத் தொழில் போட்டியாளரான நுஸ்லி வாடியா, கோயங்காவுக்கு மிக நெருக்கமானவர். கட்டுரைகளைப் படித்த சங்கரன்கோவில் வாசகருக்கோ சண்டிகர் வாசகருக்கோ இந்த உறவைப் பத்திரிகை சொல்லியிருக்க வேண்டுமா, வேண்டாமா? சொன்னால் செய்தியின் உண்மை குறைந்துவிடாது. ஆனால் எடைபோட்டுப் படிக்க வாசகருக்கு ஒரு தராசு கிடைத்திருக்கும்.

1987 மார்ச் 13 அன்று, குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் பிரதமர் ராஜீவ் காந்திக்கு எழுதிய கடிதத்தை எக்ஸ்பிரஸ் வெளியிட்டது. பரபரப்பு என்றால் அப்படி ஒரு பரபரப்பு. அதே சமயத்தில் குருமூர்த்தி கைதானார். மத்தியப் புலனாய்வு அதிகாரிகள் நடத்திய சோதனையில், டெல்லியில் எக்ஸ்பிரஸ் விருந்தினர் இல்லத்தில் அந்தக் கடிதத்தின் வரைவு ஒன்று கிடைத்தது. அதில் முல்காவ்கர் கையால் செய்த திருத்தங்கள் இருந்தன. அதாவது, குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் நடந்த மோதலைச் செய்தியாகக் கொடுத்த நிறுவனமே, அந்த மோதலின் காகிதத்தைத் தயாரித்ததிலும் கை வைத்திருந்தது.

அதற்கு அரசு கொடுத்த பதிலும் நியாயமாக இல்லை. 1987 செப்டம்பர் 1 அன்று நாடு முழுவதும் எக்ஸ்பிரஸ் அலுவலகங்களில் ஒரே நேரத்தில் சோதனை நடந்தது. டெல்லிப் பதிப்பு வேலைநிறுத்தத்தால் வாரக்கணக்கில் முடங்கியது. அரசு இப்படி மிரட்டும்போது, முதலாளி செய்தது சரியா என்று கேட்க யாருக்கு மனசு வரும்? கேட்டால் அரசுக்கு ஆதரவு என்று ஆகிவிடும். 1988-ல் ராஜீவ் அரசு அவதூறு மசோதா கொண்டுவந்தபோது, பத்திரிகையாளர்களும் முதலாளிகளும் ஒன்றாகத் தெருவில் இறங்கினார்கள். மசோதா கைவிடப்பட்டது. முதலாளியின் பொறுப்பு பற்றிய பேச்சும் அந்தக் கூட்டத்தில் அமுங்கிப்போனது.

1991 அக்டோபர் 5 அன்று மும்பையில் கோயங்கா காலமானார். ஒரே மகன் பகவான்தாஸ் 1979-லேயே இறந்துவிட்டார். வாரிசுகளிடையே 1990-களில் நிறுவனம் இரண்டாகப் பிரிந்தது. வடக்கே இந்தியன் எக்ஸ்பிரஸ், தெற்கே நியூ இந்தியன் எக்ஸ்பிரஸும் தினமணியும். பத்திரிகை குடும்பச் சொத்தாகவே கைமாறியது.

சட்டம் யாரைப் பிடிக்கிறது?

சரி, முதலாளி தவறு செய்தால் யாரிடம் போவது? இந்தியப் பத்திரிகை கவுன்சில் என்று ஒன்று இருக்கிறது. 1966-ல் முதலில் அமைந்தது. நெருக்கடி நிலையில் கலைக்கப்பட்டது. 1978 சட்டத்தின்படி மறுபடி அமைக்கப்பட்டது. புகார் வந்தால் விசாரித்து எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட முடியாது. சிறைக்கு அனுப்பவும் முடியாது.

அதைவிடக் கவனிக்க வேண்டியது, அந்தச் சட்டம் யாரைக் கண்டிக்கச் சொல்கிறது என்பது. பத்திரிகை, செய்தி நிறுவனம், ஆசிரியர், பத்திரிகையாளர் என்று பட்டியல் இருக்கிறது. உரிமையாளர் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கவுன்சில் உறுப்பினர்களில் ஆறு இடங்கள் பத்திரிகை உரிமையாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

1867-ம் ஆண்டுச் சட்டமும் இதே பாதையில்தான் போனது. இதழில் பெயர் அச்சாகும் ஆசிரியர், அச்சிடுபவர், வெளியிடுபவர் ஆகியோரே பொறுப்பு. அதற்குப் பதிலாக 2023-ல் புதிய சட்டம் வந்துவிட்டாலும், அவதூறு வழக்கு என்றால் கோர்ட் படியேறுவது பெரும்பாலும் ஆசிரியர்தான். செய்தியைப் போடச் சொன்னவர் அல்லது போடவிடாமல் தடுத்தவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

தொலைக்காட்சி வந்த பிறகு விஷயம் இன்னும் சிக்கலானது. அரசியல் கட்சிகளும், கட்சி சார்ந்த குடும்பங்களும் ஊடகம் நடத்துவதற்கு வரம்பு வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014-ல் பரிந்துரை செய்தது. சட்டமாகவில்லை. பிரிட்டனில் செல்போன் ஒட்டுக்கேட்பு விவகாரம் 2011-ல் வெடித்தபோது, ரூபர்ட் மர்டோக் நாடாளுமன்றக் குழு முன்பாக வந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. நீதிபதி லெவிசன் விசாரணையிலும் சாட்சி சொன்னார். அந்த விசாரணையின் இரண்டாம் பகுதி பிறகு கைவிடப்பட்டதும் உண்மை. ஆனாலும், முதலாளி நேரில் வந்து நாலு பேர் முன்னால் உட்கார்ந்து கேள்வியை வாங்கிக்கொண்டார். கோயங்காவின் ஐம்பத்தைந்து ஆண்டுப் பத்திரிகை வாழ்க்கையில், செய்தி சம்பந்தமாக அப்படி ஒரு நாள் வந்ததில்லை. அவரைக் கேள்வி கேட்டதெல்லாம் ஆட்சியாளர்கள்தான். அதுவும் பழிவாங்க.

வாசகர் என்ன செய்யலாம்?

கோயங்காவைக் கொண்டாடுகிறவர்கள் 1975-ஐக் காட்டுவார்கள். குறை சொல்கிறவர்கள் 1943-ஐயும் 1959-ஐயும் 1987-ஐயும் காட்டுவார்கள். இரண்டு தரப்பும் சொல்வது ஒரே ஆளைப் பற்றித்தான். அவரிடம் துணிச்சல் இருந்ததால் நெருக்கடி நிலையில் வாசகர் பிழைத்தார். துணிச்சல் இல்லாத முதலாளி வாய்த்த பத்திரிகைகளின் வாசகருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஊருக்கு உண்மை தெரிவது ஒரு தனி ஆளின் குணத்தை நம்பி இருக்கக் கூடாது என்றால், ஆசிரியருக்குப் பாதுகாப்பு வேண்டும். முதலாளியின் மற்ற தொழில்களும் கட்சி உறவும் வாசகருக்குத் தெரிய வேண்டும். புகாரை விசாரிக்கும் அமைப்பு அரசு கையிலும் இருக்கக் கூடாது, முதலாளிகள் கையிலும் இருக்கக் கூடாது.

உரிமையாளர் யார், ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் யார் என்று ஆண்டுக்கு ஒருமுறை பத்திரிகையிலேயே அச்சிட வேண்டும் என்று 1956 விதிகள் சொல்லின. பிப்ரவரி முடிந்ததும் ஏதோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் வந்துபோகும் அறிவிப்பு அது. பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டிச் சினிமாச் செய்திக்குப் போய்விடுவார்கள். குருவிகுளம் டீக்கடையில் பெரியவர் கேட்ட கேள்விக்கான பதில் அந்தப் பொடி எழுத்தில்தான் இருந்தது.